துணைக்குப் போன தோழி

1933ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்க இரண்டு இளம்பெண்கள் போகிறார்கள். இருவரும் அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள். ஒருத்தி டாட்டி. பாஸ்டன் நகரத்தின் பழைய, கட்டுப்பாடான குடும்பத்துப் பெண், கல்யாணம் ஆகாதவள். மற்றவள் கே, புதுப்பெண். கருத்தடைக்கான ரப்பர் மூடியை அளவு பார்த்து வாங்க வந்திருப்பவள் டாட்டி. கே துணைக்கு வந்திருக்கிறாள். மூடியைப் பொருத்தப் பழகும்போது அது டாட்டியின் கையிலிருந்து வழுக்கி அறையின் மறுகோடிக்குப் பாய்கிறது. டாட்டி கூனிக்குறுகிப் போகிறாள். மருத்துவருக்கும் நர்சுக்கும் அது புதிதில்லை.

மேரி மெக்கார்த்தியின் 'தி குரூப்' நாவலில் வரும் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூடி வழுக்கியதைத்தான் சொல்வார்கள். எனக்குக் கே கூடப் போனதுதான் பெரிதாகத் தெரிகிறது. எட்டுத் தோழிகளின் ஏழு வருட வாழ்க்கையைச் சொல்லும் இந்த நாவலில் சட்டம், மருத்துவமனை, புருஷன், தாய்வீடு என்று எந்த வாசலும் ஒரு பெண்ணுக்கு முழுதாகத் திறப்பதில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது இன்னொரு பெண்ணின் வாய்வழியாகத்தான் வந்து சேர்கிறது. நாவல் 1963-ல் வெளிவந்தது, அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கதை நடக்கும் காலமோ தொண்ணூறு வருடங்களுக்கு முந்தியது. இந்த இடைவெளியில் என்ன மாறியது என்று பார்க்க, அமெரிக்கப் பெண்களின் வரலாற்று நூல்கள் பலவற்றைவிட இந்த ஒரு நாவல் நல்ல இடம்.

மெக்கார்த்தி 1912-ல் சியாட்டிலில் பிறந்தவர். ஆறு வயதில், 1918-ன் கொள்ளைக் காய்ச்சலில் தாயையும் தந்தையையும் இழந்தார். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான போக்கிப்ஸியில் உள்ள வாசர் பெண்கள் கல்லூரியில் படித்து 1933-ல் பட்டம் பெற்றார். அந்த வாரமோ மறுவாரமோ ஹரால்ட் ஜான்ஸ்ருட் என்ற நாடகக்காரரை மணந்தார். நாவலில் கே மணப்பதும் ஹரால்ட் என்ற நாடகக்காரனைத்தான். பெயரைக்கூட அவர் மாற்றவில்லை. கேயின் கல்யாணத்தில் தொடங்கும் கதை 1940-ல் அவளுடைய அடக்கத்தில் முடிகிறது. நடுவில் டாட்டி, பாலி, பிரிஸ், லிபி, ஹெலினா என்று ஒவ்வொருத்தியின் மனத்துக்குள்ளும் போய்வருகிறோம். யார் மனத்துக்குள் இருக்கிறோமோ அவளுடைய சொற்களிலேயே அந்த அத்தியாயம் ஓடும். லிபிக்கு எல்லாமே பரபரப்பு, பிரிஸுக்கு எதையும் சொல்லத் தயக்கம். போக்கி என்ற பணக்காரப் பெண்ணை மட்டும் அவள் வீட்டு பட்லரின் கண் வழியாகக் காண்கிறோம். எட்டாவது பெண் லேக்கி. எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அழகி. கதையின் பெரும்பகுதி நேரம் அவள் ஐரோப்பாவில் இருக்கிறாள்.

இவர்கள் எப்பேர்ப்பட்ட சிறுபான்மை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இருபத்தைந்து வயதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்களில் நாலு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இன்று ஏறக்குறைய நாற்பது பேர். 1980களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் பட்டம் வாங்கும் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிவிட்டது. வாசர் கல்லூரியே 1969-ல் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது. ஆக டாட்டியும் கேயும் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த படிப்பைப் படித்தவர்கள். அப்படிப் படித்தவளுக்கும் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தோழி தேவைப்பட்டாள்.

காரணம் 1873-ல் வந்த காம்ஸ்டாக் சட்டம். கருத்தடைச் சாதனத்தை மட்டுமல்ல, அதைப் பற்றிய தகவலைத் தபாலில் அனுப்புவதையும் ஆபாசக் குற்றம் ஆக்கியிருந்தது அது. மார்கரெட் சாங்கர் 1916-ல் புரூக்ளினில் திறந்த கருத்தடை மருத்துவகம் சில நாள்களிலேயே போலீசாரால் மூடப்பட்டு, அவர் சிறைக்குப் போனார். நோயைத் தடுக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம் என்று 1918-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு சின்னச் சந்து திறந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகத்தான் 1923-ல் சாங்கரின் அடுத்த மருத்துவகம் எழுந்தது. அங்கும் 1929-ல் போலீஸ் புகுந்து நோயாளிகளின் அட்டைகளை அள்ளிக்கொண்டு போனது. டாட்டி மருத்துவரிடம் போனது அதற்கு நாலு வருடம் கழித்து. ஜப்பானிலிருந்து தபாலில் வந்த ஒரு பொட்டலம் மூடிகளை வைத்து நடந்த வழக்கில், மருத்துவர்கள் அவற்றைத் தருவித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்ததோ 1936-ல். இந்தத் தேதிகளுக்கு நடுவே டாட்டியை நிறுத்திப் பார்த்தால்தான் கே துணைக்குப் போனதன் கனம் புரியும். எந்த டாக்டர், என்ன கேட்பார், எதை எங்கே வைத்துக்கொள்வது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அச்சாகிக் கிடைக்காத செய்தி.

அதே காலத்தில் இந்தியாவில் நிலைமை வேறு மாதிரி இருந்தது என்பது நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பெரியார் 'குடி அரசு' இதழில் கருத்தடையை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். பிள்ளை பெறுவதும் பெறாததும் பெண்ணின் விடுதலை சம்பந்தப்பட்ட விஷயம் என்பது அவர் வாதம். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. சாங்கரே 1935 கடைசியில் இந்தியா வந்தார். வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். காந்தி உடன்படவில்லை. அங்கிருந்து தெற்கே திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கும் போனார். தன் நாட்டில் தபாலில் அனுப்ப முடியாத ஒரு விஷயத்தை இங்கே மேடையில் பேச முடிந்தது அவரால்.

டாட்டியின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூடியை வாங்கி வரச் சொன்னவன் டிக் என்ற ஓவியன். சாமான்களை வாங்கிக்கொண்டு அவனுக்குப் போன் செய்தால் ஆள் வீட்டில் இல்லை. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, பொட்டலங்களைப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டு எழுந்து போகிறாள். பிறகு அரிசோனாவில் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவளுடைய ஊரான பாஸ்டன் எவ்வளவு மெதுவாக மாறியது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. கருத்தடை மாத்திரைக்கு 1960-ல் அரசு அனுமதி வந்துவிட்டது. தம்பதிகள் கருத்தடை பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடாது என்று 1965-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1967-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றிய பில் பேர்ட் என்பவர், கூட்டத்தில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கருத்தடை மருந்து ஒன்றைக் கொடுத்ததற்காகக் கைதானார். கல்யாணமாகாத பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று அவருடைய வழக்கில் தீர்ப்பு வந்தது 1972-ல். டாட்டி நிஜமாக வாழ்ந்த பெண்ணாக இருந்திருந்தால் அப்போது அவளுக்கு அறுபது வயது ஆகியிருக்கும்.

தீர்ப்புகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே பாஸ்டனில் 1969-ல் நடந்த ஒரு சிறிய சந்திப்பு. பெண்கள் கூட்டம் ஒன்றில் உடம்பைப் பற்றிப் பேச உட்கார்ந்த சிலர், மருத்துவர்கள் தங்களை நடத்தும் விதம் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்தும் பேச்சு முடியவில்லை. ஆளுக்கொரு தலைப்பை எடுத்து நூலகத்தில் தேடிப் படித்து, எழுதி, அடுத்த வருடமே மலிவுக் காகிதத்தில் 193 பக்கம் அச்சடித்து 75 சென்ட்டுக்கு விற்றார்கள். 1973-ல் பெரிய பதிப்பகம் அதை வெளியிட்டது. 'நம் உடல், நாமே' என்ற பொருளில் தலைப்புக் கொண்ட அந்தப் புத்தகம் பிறகு உலகின் பல மொழிகளுக்குப் போயிற்று. கே டாட்டியின் காதில் சொன்னதைக் கடையில் வாங்கிப் படிக்கலாம் என்றாயிற்று. 2023-ல் ஒரு கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தந்தது. மறுவருடம் அது மருந்துக்கடை அலமாரிக்கு வந்துவிட்டது.

பிரிஸ் கதையிலும் இதே வழிதான். அவள் புருஷன் ஸ்லோன் குழந்தை மருத்துவன். அந்தக் காலத்து மேல்தட்டு வீடுகளில் பால்புட்டிதான் நாகரிகம். ஸ்லோனுக்கோ தாய்ப்பாலை வைத்துத் தன் கொள்கையை நிரூபிக்க வேண்டும். தாய்ப்பாலையும் கடிகாரம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. பசித்து அழுகிற பிள்ளையைத் தூக்கக்கூடாது. மருத்துவமனையில் சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது, பிரிஸ் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பார்க்க வருகிற தோழிகளுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம். பிள்ளையின் அழுகைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் தாய். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நாவலின் மிகக் கொடுமையான பக்கங்கள் இவைதான் என்பேன். வசையோ அடியோ இல்லாமல், நல்லெண்ணத்தோடே ஒரு தாயை நொறுக்குகிறார்கள்.

மெக்கார்த்தி இதைக் கற்பனையில் பெருக்கவில்லை. குழந்தையை முத்தமிடாதே, மடியில் வைத்துக்கொள்ளாதே என்று 1928-ல் புத்தகம் எழுதியவர் ஜான் வாட்சன் என்ற பெரிய உளவியலாளர். 1946-ல் டாக்டர் ஸ்பாக்கின் புத்தகம் வந்து தாய்மார்களுக்குக் கொஞ்சம் தைரியம் சொன்னது. ஆனால் புட்டியின் ஆட்சி போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குத்தான் தாய்ப்பால் கிடைத்தது. அந்தச் சரிவுக்கு நடுவிலேயே, 1956-ல், இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு லா லேச்சே லீக். வீட்டுக் கூடத்தில் கூடி, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய மருத்துவம். இன்று அமெரிக்கக் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் தாய்ப்பாலில் தொடங்குகின்றன. 2018-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் பொது இடத்தில் பால் கொடுப்பது சட்டப்படி தடையற்றதாயிற்று. டாக்டர்களும் இப்போது தாய்ப்பாலையே வலியுறுத்துகிறார்கள். பால் சுரக்காத தாய் குற்றவுணர்வில் கிடந்து வருந்துவது இன்றைய பிரிஸின் நிலை. விதி தலைகீழானாலும் தாயின் மேல் வைக்கும் கண் எடுபடவில்லை.

கேயின் கதைக்கு வருகிறேன். புருஷன் ஹரால்டுக்கு வேலை நிலைக்கவில்லை, இன்னொரு பெண்ணோடு உறவும் உண்டு. சம்பாதிப்பவள் கே. ஒரு சண்டையில் அவள் கண் வீங்கிப்போகிறது. அவளை ஓய்வுக்கென்று ஹரால்ட் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் விடுகிறான். அது மனநல மருத்துவமனை என்பது உள்ளே போன பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அந்த வளாகத்திலேயே ஆய்வக வேலை பார்க்கும் பாலி, ஒரு பரிசோதனைக்காக ஒரு நோயாளியின் அறைக்குள் போக, அங்கே கட்டிலில் உட்கார்ந்திருப்பவள் கே. என்னைப் பைத்தியம் என்று சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு பெண் சொன்னால் நம்புவதற்கு அவளை முன்பே தெரிந்த ஒருத்தி வேண்டியிருக்கிறது. பாலி நம்புகிறாள். மெக்கார்த்தி இதைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்தார். 1938-ல் இரண்டாவது கணவரான விமர்சகர் எட்மண்ட் வில்சனோடு நடந்த தகராறுக்குப் பிறகு அவர் நியூயார்க்கின் பெய்ன் விட்னி மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தார்.

யாருக்கும் ஆபத்தில்லாத, தானாக வாழக்கூடிய ஒருவரை மனநல மருத்துவமனையில் அடைத்துவைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1975-ல். வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்குப் போக்கிடம் பிறந்த கதை இன்னும் அழகானது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், வாராவாரம் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்கள் குழு, 1972-ல் சட்ட விவரம் சொல்ல ஒரு தொலைபேசி வைத்தது. கூப்பிட்ட பெண்கள் சட்டத்தைக் கேட்கவில்லை, இன்று ராத்திரி எங்கே தங்குவது என்று கேட்டார்கள். குழுவில் இருந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார்கள். 1974-ல் தனி வீடு பிடித்தார்கள். நாட்டின் முதல் காப்பகங்களில் ஒன்று அது. இருபது வருடம் கழித்து, 1994-ல், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக மத்திய அரசின் சட்டம் வந்தது. பாஸ்டன் புத்தகம், இல்லினாய் கூடம், செயின்ட் பால் தொலைபேசி மூன்றும் தோழிகளின் பேச்சில் தொடங்கி நிறுவனமாக வளர்ந்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் மெக்கார்த்தியின் நாவல் எனக்கு இன்னும் பெரிதாகிறது. நிறுவனம் ஆவதற்கு முந்தைய நிலையில், வெறும் பேச்சாக இருந்தபோது, அதைப் பிடித்து வைத்திருக்கிறார் அவர்.

லேக்கி 1940-ல் போருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து திரும்புகிறாள். கூட ஒரு சீமாட்டி. அவர்கள் தம்பதிபோல் வாழ்கிறவர்கள் என்று தோழிகளுக்கு மெல்லப் புரிகிறது. அதிர்ச்சி, சங்கடம், பிறகு பழக்கம். 1966-ல் சிட்னி லூமெட் எடுத்த படத்தில் லேக்கியாக வந்தவர் கேண்டிஸ் பெர்கன், அதுதான் அவருக்கு முதல் படம். ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது 1973-ல். லேக்கி கப்பலில் வந்திறங்கிய நியூயார்க் மாநிலத்தில் 2011 முதல் அப்படிப்பட்ட இருவர் கல்யாணமே செய்துகொள்ளலாம்.

தோழமை என்றால் எப்போதும் காப்பாற்றுவது என்று நினைக்கவேண்டாம். இந்தத் தோழிகள் ஒருத்தியை ஒருத்தி எடைபோடுகிறார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள், கேயை விட்டு விலகியும் போகிறார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதில் கறாராக இருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்பதை நாவல் பேசவில்லை, கல்லூரியின் வரலாறு பேசுகிறது. 1897-ல் வாசரில் பட்டம் வாங்கிய அனிதா ஹெமிங்ஸ் கறுப்பினப் பெண். வெளிர்நிறம் என்பதால் வெள்ளையராகவே படித்துவந்தார். அவரோடு ஒரே அறையில் இருந்த மாணவியின் தந்தை துப்பறிவாளரை வைத்து அவருடைய குடும்பத்தைத் தோண்டி எடுத்தார், அதுவும் பட்டமளிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னால். கறுப்பினப் பெண் ஒருவரைத் தெரிந்தே அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது 1940-ல், நாவலின் கதை முடியும் அதே வருடம். கறுப்பினப் பெண்கள் பலரின் பார்வையில் சொல்லப்பட்ட குளோரியா நெய்லரின் 'தி விமன் ஆஃப் புரூஸ்டர் பிளேஸ்' 1982-ல் வந்து, மறுவருடம் தேசியப் புத்தக விருது வாங்கியது. ஒரே சந்தில் வாழும் ஏழு பெண்களின் கதை அது. மெக்கார்த்தி விட்ட இடத்தை நிரப்பிய புத்தகம் என்று அதை இதோடு சேர்த்தே படிக்கச் சொல்வேன்.

'தி குரூப்' வந்தபோது வாசகர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் தடைக்கும் ஆளாயிற்று. விமர்சகர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். நார்மன் மெய்லர் நீண்ட கட்டுரை எழுதி இதைச் சின்ன விஷயங்களின் நாவல் என்ற தொனியில் இறக்கிப் பேசினார். சமையல் குறிப்பு, திரைச்சீலை, குழந்தைப் பால், மருத்துவர் அறை இவையெல்லாம் சின்ன விஷயங்களாம். வீட்டுப் பெண்ணின் பெயர் தெரியாத துயரத்தைப் பற்றிய பெட்டி ஃப்ரீடனின் நூலும் அதே 1963-ல்தான் வந்தது. ஃப்ரீடன் தன் கல்லூரித் தோழிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தொடங்கியவர், மெக்கார்த்தி தன் தோழிகளை நினைவிலிருந்து எழுதியவர். பெண்ணியம் என்ற பெயரை மெக்கார்த்தி ஏற்றுக்கொண்டவர் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரில் பின்னால் எழுந்த கோரிக்கைகளில் பாதியை அவருடைய பாத்திரங்கள் 1930களிலேயே அனுபவித்துவிட்டார்கள்.

நாவலுக்காக அவர் கொடுத்த விலை தோழிகளிடமே. வாசர் வகுப்புத் தோழிகளில் பலர் தங்களை அடையாளம் கண்டு கோபித்தார்கள். இலக்கியத் தோழி எலிசபெத் ஹார்ட்விக் புனைபெயரில் இந்த நாவலைக் கேலிசெய்து எழுதினார், டாட்டி அத்தியாயத்தைத்தான். எழுதியது யார் என்று தெரிந்தபோது மெக்கார்த்திக்கு வலித்தது. இருந்தும் அந்த நட்பு அறுபடவில்லை. ஹன்னா ஆரெண்டோடு கொண்ட நட்பு இதைவிட ஆழம். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அந்தத் தத்துவவாதியிடம் ஒரு விருந்தில் ஹிட்லரைப் பற்றி மெக்கார்த்தி யோசனையில்லாமல் ஏதோ சொல்லிவிட, சில வருடம் பேச்சே இல்லாமல் போயிற்று. பிறகு ஒட்டிக்கொண்ட உறவு கால் நூற்றாண்டு கடிதங்களாக நீண்டது. 1975 டிசம்பரில் ஆரெண்ட் இறந்தபோது கடைசி நூல் முடியாமல் கிடந்தது. மெக்கார்த்தி தன் நாவலை ஓரம் வைத்துவிட்டு, தோழியின் கையெழுத்துப் படிகளைச் செப்பனிட்டு வெளியிட்டார். இன்னொருவரின் ஜெர்மன் வாடை வீசும் ஆங்கிலத்தை வரிவரியாகச் சரிசெய்வது எழுத்தாளர் ஒருவர் தன் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுப்பது. தோழமை பற்றிய நாவலை எழுதியவர் அதை வாழ்ந்தும் காட்டினார் என்பதற்கு எனக்கு இது போதும்.

அன்றைய இந்தத் துணை இன்று எங்கே இருக்கிறது? நிறுவனங்கள் வந்த பிறகு தோழிக்கு வேலை குறைந்தது. மருந்தகமும் கைபேசியும் சொல்கின்றன, அவள் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கை முப்பது வருடம் முந்தைய கணக்கோடு ஒப்பிட்டார்கள். நெருங்கிய நட்பு ஒன்றுகூட இல்லை என்ற பெண்கள் 1990-ல் நூற்றுக்கு இருவர், 2021-ல் பத்துப் பேர். நெருங்கியவர்கள் ஆறு பேரோ அதற்கு மேலோ உண்டு என்றவர்கள் 41-லிருந்து 24-ஆகக் குறைந்தார்கள். பல பெண்களின் குரலில் தோழமை நாவல்கள் இன்று குவிகின்றன. 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' எழுதிய கேண்டஸ் புஷ்னெல் 'தி குரூப்'பின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினார். ஸ்மித் கல்லூரித் தோழிகள் நால்வரின் கதையான கோர்ட்னி சல்லிவனின் 'கமென்ஸ்மென்ட்' 2009-ல் வந்தது. இப்படிப்பட்ட நாவல்களுக்கு இத்தனை வாசகர்கள் இருப்பதற்கு, வாழ்க்கையில் குறைந்துபோனதைப் பக்கங்களில் தேடுவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கருக்கலைப்பைப் பெண்களின் உரிமையாக்கிய பழைய தீர்ப்பை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு தோழியின் பழைய வேலை திரும்பி வந்துவிட்டது. எந்த மாநிலத்துக்குப் போவது, மாத்திரை எங்கே கிடைக்கும், யார் வண்டி ஓட்டுவது, யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று மறுபடியும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்கிறார்கள். காம்ஸ்டாக் சட்டத்தில் கருத்தடை பற்றிய பகுதி 1971-ல் எடுக்கப்பட்டது. கருக்கலைப்புப் பொருள்களைத் தபாலில் அனுப்புவது பற்றிய பகுதி இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதை உயிர்ப்பிக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு.

ஒரு வேறுபாடு எனக்குப் பயமாக இருக்கிறது. கே டாட்டியிடம் பேசியது காற்றோடு போயிற்று. இன்று பேச்செல்லாம் கைபேசியில் எழுத்தாக நிற்கிறது. டெக்சாஸ் 2021-ல் கொண்டுவந்த சட்டம், கருக்கலைப்புக்கு உதவியவர் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. வண்டி ஓட்டிப் போனவரும் அதில் அடக்கம். 2023 மார்ச்சில் அதே மாநிலத்தில் ஒருவர், மரணத்துக்கு இழப்பீடு கேட்கும் வேறொரு சட்டத்தின் கீழ், தன் முன்னாள் மனைவியின் தோழிகள் மூவர் மேல் வழக்குப் போட்டார். கருக்கலைப்பு மாத்திரை வாங்க அவளுக்கு உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒவ்வொருவரிடமும் பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டார். சாட்சியம், அந்தப் பெண்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள். அவற்றின் படங்கள் வழக்கு மனுவோடு இணைக்கப்பட்டு, யாரும் படிக்கக்கூடிய நீதிமன்ற ஆவணம் ஆயின. மூவரில் இருவர் எதிர்வழக்குப் போட்டார்கள். 2024 அக்டோபரில் இரு தரப்பும் விட்டுவிட்டன. தோழிக்கு அப்படி உதவியது சட்டப்படி தவறா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் எழுதவே இல்லை. 2021-ன் சட்டம் அப்படியே இருக்கிறது.